ஊரி கிடந்த கல்லும் நாலு வருட மீன்தொட்டியும்

மீன் கழிவையே உரமாக்கிக் கல்லில் கீரை வளர்க்கிற என் தொட்டியின் பம்ப் போன கிழமை நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுழலும் காந்தத்தைச் சுற்றிப் பாசியும் மீன் கழிவும் இறுகிக் கிடந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிப் பூட்டியதும் ஓடத் தொடங்கியது. அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதுதான் தாமதம், காரைதீவிலிருந்து மச்சான் கேட்டான்: "நானும் ஒண்டு கட்டட்டா?" தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொட்டி எப்படி வேலை செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், கல்லில் குடியிருக்கும் பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும், செடி அதைக் குடிக்கும், தண்ணீர் மீனிடம் திரும்பும். 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய நேரத்தில், உரமே வேண்டாத ஒன்று என்றுதான் நான் இதில் இறங்கினேன். கம்பிக் கூட்டுக்குள் இருக்கும் ஆயிரம் லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றின் மேல் துண்டை அறுத்துக் கவிழ்த்து அதில் கல் நிரப்பினேன். கீழ்த் துண்டில் அறுநூறு லீட்டர் தண்ணீர், முப்பது திலாப்பியாக் குஞ்சு. கட்டுவதற்கு இரண்டு நாள் போனது. பக்டீரியா பிடிக்க ஐந்து கிழமை போனது. இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை கல்லில்தான்.

அந்தக் கல்லில் நட்ட கங்குன் கீரை முதல் இருபது நாள் மளமளவென்று வந்தது. பிறகு கொழுந்து வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். கீழ் இலைக்கு ஒன்றுமில்லை, புது இலைதான் வெளுத்தது. அது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். மீன் தீனியில் செடிக்குப் போதிய இரும்பு இராது என்று படித்திருந்ததால் இடிடிஏ இரும்புத் தூள் (இரும்பு படியாமல் கரைந்தே நிற்க இடிடிஏ என்ற இரசாயனம் சேர்த்தது) வாங்கிக் கரைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் கரைத்தேன். அப்போதும் இல்லை. பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு; 7 நடுநிலை, கூடினால் காரம்) பார்த்தால் 8.2. அந்த அளவில் இடிடிஏ இரும்பைப் பிடித்து வைத்திருக்காது. இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும், செடி வாய் வைக்க முடியாது. நான் போட்ட காசு முழுக்கத் தொட்டி அடியில் சேறாகக் கிடந்தது.

தேசிக்காய்ப் புளி விட்டேன். பின்னேரம் 7.4க்கு இறங்கும், விடிய மறுபடி 8.2. (தேசிக்காய்ப் புளி பக்டீரியாவுக்கும் ஆகாது. யாரும் விட வேண்டாம்.) நான் கிணற்றுத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல். எங்கள் கிணற்றுத் தண்ணீரே 7.8 காட்டும். ஆனால் தொட்டி அதற்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் செடி மாற்றி நடக் கல்லைக் கிளறியபோது கையில் வெள்ளையாக ஒன்று அகப்பட்டது. ஊரி, அதாவது சின்னச் சங்கு ஓடு. இன்னொரு பிடி அள்ளினேன். ஊரி, சிப்பித் துண்டு, மறுபடி ஊரி. கோப்பையில் வினாகிரி ஊற்றிப் போட்டேன். சோடா மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்பு. நான் விட்ட புளி முழுவதையும் அதுதான் தின்றிருக்கிறது.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த கதை. பாடுவது மீன் இல்லை, ஊரிதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டிடமும் மீனவர்கள் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் கைநிறையப் பொறுக்கி விளையாடிய சாமான். அதன் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நினைத்ததில்லை.

"நல்ல ஆத்துக் கல்லு தம்பி, கழுவினது" என்று சொல்லித் தந்தவர் மேலும் அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் முற்றத்துக்குப் போடத்தான் விற்றார், அதற்கு அந்தக் கல் நல்ல கல். ஊரி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஆத்துக் கல் என்று சொன்னது பொய். அதை என்னால் மறக்க முடியவில்லை.

முந்நூறு லீட்டர் கல் என்பது பத்து லீட்டர் வாளியில் முப்பது வாளி. எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே கொட்டினால் பக்டீரியாவும் போய்விடும். பாதியை மாற்றி, இரண்டு கிழமை விட்டு மற்றப் பாதியை மாற்றினேன். இந்த முறை வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து வந்த உடைத்த கருங்கல் சல்லி. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து வினாகிரியில் போட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். அந்த வேலை நடந்தது 2022 மார்ச்சில். மாத முடிவில் கரண்ட் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் நின்றது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட, நானும் அம்மாவும் மாறி மாறிச் சட்டியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம். நாலு மீன் செத்தது. பிஎச் கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். முப்பது பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது, 8.2 என்றால் பதினொரு பங்கு. பழைய கல் முழுவதும் அப்போது உள்ளே கிடந்திருந்தால் இருபத்தாறு மீன் மிஞ்சியிருக்குமா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

புதுக் கல்லில் பிஎச் மெல்ல மெல்ல 7க்கு வந்தது. ஒன்பது கிராம் இரும்புத் தூள் போட்டேன். ஒரு கிழமைக்குள் கொழுந்து பச்சை பிடித்தது. அந்தப் பச்சையை நான் காலையில் எழுந்து முகம் கழுவ முதல் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா வைக்கும் கங்குன் சுண்டலுக்குத் தண்டு நறுக்கும்போது கத்தியில் நொறுக்கென்று சத்தம் வரும். கடைக் கீரையில் அது வராது. பொன்னாங்காணி, வல்லாரை, கொச்சிக்காய் எல்லாம் வந்தன. கச்சான் காற்று வீசி முற்றம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஆடியிலும் இந்தத் தட்டு மட்டும் பச்சையாக நிற்கும்.

மறுகா ஒரு மாரியில் கதை மாறியது. கச்சான் காலத்தில் வற்ற வற்றக் கிணற்றுத் தண்ணீர் விட்டதால் பிஎச் தாங்கி நின்றது. வாடை மழையில் கூரைத் தண்ணீரும் சேர்ந்து தொட்டி நிரம்பி வழிந்து, கிணற்றுத் தண்ணீரில் இருந்த காரம் முழுவதும் கழுவுப்பட்டுப் போனது. பக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலமும் கூடும். பார்த்தால் 6.0. அதற்குக் கீழே போனால் பக்டீரியா சோர்ந்துவிடும், அமோனியா தேங்கும். அப்போதுதான் வேலியோரம் கொட்டிவைத்த பழைய கல் நினைவுக்கு வந்தது. இரண்டு பிடி ஊரி பொறுக்கி, வெங்காய வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். ஐந்து நாளில் 6.7. எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு மாரிக்கும் அந்தப் பை தொங்கும், தைக்கு எடுத்துவிடுவேன். முப்பது வாளியாகக் கிடந்தபோது என்னை அழவைத்த சாமான் இரண்டு பிடியில் தொட்டியைக் காப்பாற்றுகிறது. அதற்காக அந்தக் கல்லை வித்தவரை மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

செலவைச் சொன்னால், பம்ப் இருபது வோட், மாதம் பதினாலு யூனிற். மீன் கணக்குச் சரிவராது. வாவி மீன் வாசலுக்கு வருகிற ஊரில் தீனி வாங்கித் திலாப்பியா வளர்ப்பது லாபம் இல்லை. சமைக்க முதல் மூன்று நாள் தீனி போடாமல் நல்ல தண்ணீரில் விடாவிட்டால் சேற்று மணமும் இருக்கும். அம்மா பொரித்துத் தருவார், தான் தொடமாட்டார்.

மச்சான், எனக்கு இந்தத் தொட்டியைக் கழற்றச் சொன்னால் கழற்றமாட்டேன். ஆனால் நீ இப்ப கட்டாதே. உனக்கு ஆறு மாதம் பொறுமை இருக்காது, பிள்ளையும் சின்னது, உன் கிணறும் கடலுக்குக் கிட்ட. இல்லை, கட்டத்தான் போகிறேன் என்றால் கல் வாங்கப் போகும்போது ஒரு போத்தல் வினாகிரி கொண்டு போ. ஒரு பிடியாவது பொங்கினால் முழு லோட்டையும் திருப்பி அனுப்பு.