டெக்ட்ரானிக்ஸ் 545ஏ, 547: சீரமைக்க எதை எடுப்பது?

மின் அலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவியான ஆஸிலோஸ்கோப்பில் பழையது ஒன்றைச் சீரமைத்துப் பார்க்கும் ஆசை வந்தபோது, 1950களின் இறுதியில் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 545ஏ, 1960களில் வெளிவந்த 547 ஆகிய இரண்டுமே விலைக்குக் கிடைத்தன. இரண்டும் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்து நிறுவனத்தின் தயாரிப்புகள். இரண்டும் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளவை. இரண்டும் மேசையருகே ஒரு சிறு அடுப்பைப் போல் அனல் வீசுபவை. நான் 545ஏ-வை எடுத்தேன்.

விவரக்குறிப்பை மட்டும் பார்த்தால் 547 தான் மேல். 545ஏ 30 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். 547-ஓ 50 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். திரையின் பயன்படும் உயரமும் அதில் கூடுதல். இரண்டு ஸ்வீப்களையும் (ஒளிப்புள்ளி திரையின் குறுக்கே ஓடும் ஓட்டங்களையும்) மாறி மாறி ஒரே திரையில் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் அதில் வால்வுகளோடு (கண்ணாடி வெற்றிடக் குழாய்களோடு) டிரான்சிஸ்டர்களும் டனல் டையோடுகள் என்னும் சிறு குறைக்கடத்திப் பாகங்களும் கலந்திருக்கின்றன. வால்வைக் கழற்றி மாற்றிப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் எளிமை 545ஏ-வில்தான் முழுமையாக இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது படக்குழாய்க்கு 10,000 வோல்ட் வரை தரும் உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மர்தான். பழைய கருவிகளில் அதன் கம்பிச் சுற்றுகள் மெழுகு ஊட்டப்பட்டவை. பின்னர், 547 போன்றவற்றில், எபாக்சி என்னும் பிசினில் வார்த்தார்கள். காலப்போக்கில், சூடேறும்போது அந்த எபாக்சி வகையில் மின்னிழப்பு பெருகுகிறது. இழப்பு மேலும் சூட்டைக் கூட்ட, சூடு இழப்பை மேலும் கூட்ட, ஒரு கட்டத்தில் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் மின்சுற்று கைவிட்டுவிடுகிறது. அப்போது திரையில் தெரியும் படம் பெரிதாகி, மங்கி, மறைந்துவிடும். அணைத்து ஆறவைத்தால் மீண்டும் வரும் என்பதால், வாங்கும் இடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். கடைகளில் புதிதாகக் கிடைக்கும் பொருளும் அன்று இது. அதே டிரான்ஸ்பார்மரில்தான் 5642 என்னும் விரலளவு ரெக்டிஃபையர் வால்வுகளின் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குபவை) இழையைச் சூடாக்கும் கம்பிச் சுற்றுகளும் உள்ளன. எனவே வீட்டில் வைத்துச் சுற்றுவதும் எளிதன்று.

545ஏ-வாக இருந்தாலே தப்பித்துவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை. பிந்திய சிலவற்றிலும் எபாக்சி உண்டு. நான் பக்கத் தகட்டைத் திறந்து, மெழுகின் மங்கிய பளபளப்பைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். இதற்கு எதிராக, 547-ஐ நண்பர் ஒருவரின் மேசையில் சில வாரங்கள் பயன்படுத்தியதோடு என் அனுபவம் முடிந்துவிடுகிறது. அந்த நாள்களில் அது ஒரு குறையும் காட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: பாகங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் வெள்ளிப் பூச்சு உண்டு. சாதாரண சால்டரை அடிக்கடி உருக்கினால் அது வெள்ளியைக் கரைத்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் சால்டர் ஒட்டாது. கசியும் கெப்பாசிட்டர் ஒன்றை அவசரமாக மாற்றியபோது நானே ஒரு பள்ளத்தை அப்படிக் கெடுத்துவிட்டேன். இத்தனைக்கும், 3 விழுக்காடு வெள்ளி கலந்த சால்டர் கம்பியைச் சிறு சுருளாகக் கருவிக்குள்ளேயே மாட்டி அனுப்பியிருந்தார்கள். சுருள் என் கண்ணில் பட்டது அடுத்த நாள்தான்.