பழைய ஆர்6, பழைய சிபிஆர்600ஆர்ஆர்: ஒப்பிட்டு வாங்கியதும் ஓட்டி அறிந்ததும்

பழைய சூப்பர்ஸ்போர்ட் பைக் (பந்தய வண்டியின் பாணியில் சாலைக்காகச் செய்யப்படும் வேகமான பைக்) ஒன்றை வாங்குவது என்று தேடத் தொடங்கி, கடைசியில் தேர்வு இரண்டாகச் சுருங்கியது: 2008ஆம் ஆண்டு யமஹா ஆர்6, 2009ஆம் ஆண்டு ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர். நான் எடுத்தது சிபிஆர். அதைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓட்டிவருகிறேன். வாங்கும் முன் எவற்றை ஒப்பிட்டுப் பார்த்தேன், ஓட்டிய பிறகு அவற்றில் எவை உண்மையாகவே முக்கியமாக அமைந்தன என்பதை, இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தாளில் பார்த்தால் இவை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 599 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 67 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 42.5 மில்லிமீட்டர் என்ற அளவுகள்கூட ஒன்றே. அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) இரண்டிலும் ஏறத்தாழ 66 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பதும் 11,000 ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) ஒட்டித்தான். டயர் அளவுகளும் மாறவில்லை. வேறுபாடு கம்ப்ரஷன் விகிதத்தில், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதில், தொடங்குகிறது: ஆர்6-இல் 13.1, சிபிஆரில் 12.2. ஆர்6 தன் முழு சக்தியை 14,500 ஆர்பிஎம்மில் தருகிறது, சிபிஆர் அதைவிட 1,000 ஆர்பிஎம் முன்னதாகவே தந்துவிடுகிறது.

இந்த ஆயிரம் ஆர்பிஎம்மைச் சிறிய வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்6-இன் எஞ்சின் கீழே அமைதியாக இருந்து, மேலே போகப் போக வேறொரு வண்டியாகவே மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒருமுறை உணர்ந்தவருக்கு அதை மறப்பது கடினம். ஆனால் பொதுச்சாலையில் அந்த உயரத்தில் எஞ்சினை வைத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாம் கியரிலேயே அங்கே போய்ச் சேர்வதற்குள் வேக வரம்பைத் தாண்டிவிடுவோம். சிபிஆர் நடுத்தர ஆர்பிஎம்மிலேயே தெளிவாக இழுக்கிறது. ஒரு வளைவிலிருந்து வெளிவரும்போது கியரைக் குறைக்காமலேயே த்ராட்டிலைத் திறக்கலாம். நான் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியில்தான் கழிகிறது. 2006ஆம் ஆண்டு ஆர்6 வெளிவந்தபோது 17,500 ஆர்பிஎம் என்று பெரிதாக விளம்பரப்படுத்தப்பட்டதும், மீட்டர் காட்டியது உண்மையான சுழற்சியைவிட அதிகம் என்று பின்னர் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதும் இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த செய்தி. உச்ச எண்ணை மட்டும் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆர்6-க்கு உரிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். அதில் ஸ்லிப்பர் கிளட்ச் உண்டு; கியர் குறைக்கும்போது எஞ்சின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்காதபடி சற்று வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் அது. இந்தத் தலைமுறை சிபிஆரில் அது இல்லை, ஆகையால் வேகமாகக் கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. ஆர்6-இன் முன் ஃபோர்க்கில் வேகமான அமுக்கத்துக்கும் மெதுவான அமுக்கத்துக்கும் தனித்தனித் திருகுகள் உள்ளன. சஸ்பென்ஷனைத் தன் எடைக்கும் பந்தயத்தடத்துக்கும் ஏற்ப நுணுக்கமாக அமைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய வரம். சிபிஆரிலோ ஹேண்டில் திடீரென உதறுவதை அடக்கும் மின்னணு ஸ்டீயரிங் டேம்பர் வண்டியுடனேயே வருகிறது. இருக்கை உயரம் ஆர்6-இல் 850, சிபிஆரில் 820 மில்லிமீட்டர். நெடும்பயணத்தில் மணிக்கட்டு வலிப்பது இரண்டிலும் தப்பாது, சிபிஆரில் சற்றுத் தாமதமாக வலிக்கும்.

இவ்வளவும் புதிய வண்டிகளைப் பற்றிய ஒப்பீடு. பழைய வண்டியில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: கெட்டிருப்பது மாற்றக்கூடியதா, மாற்ற முடியாததா? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

நான் பார்த்த ஆர்6 பார்வைக்கு மிக அழகாக இருந்தது. ஃபேரிங்கில், அதாவது வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் போர்வையில், ஒரு கீறல் இல்லை. ஆனால் சூப்பர்ஸ்போர்ட் வண்டியில் ஃபேரிங் புதிதாக இருப்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பின்னால் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டிலும் பிரேக் காலிப்பர் போல்ட்டுகளிலும் கம்பி கோக்கும் சிறு துளைகள் இருந்தன. பந்தயத்தடத்தில் போல்ட் கழன்று விழாமலிருக்கக் கம்பியால் கட்டுவார்கள். அதற்கான துளைகள் அவை. விற்றவர் தடத்தில் ஓட்டியதை மறைக்கவில்லை, நானும் அதை ஒரு குறையாகக் கருதவில்லை. தடத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஆயில் அடிக்கடி மாற்றப்படும். அடுத்து ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் ஸ்டீயரிங் ஸ்டாப்பரைப் பார்த்தேன். ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாதபடி ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் தடுத்து நிற்கும் சிறிய மேடு அது. வலப்புறம் அது கூர்மையான விளிம்போடு இருந்தது. இடப்புறம் நசுங்கித் தட்டையாகி, அதைச் சுற்றிப் பெயின்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த வண்டியில் இப்படிப்பட்ட நசுங்கல் வருவது அரிது. வண்டி புரண்டு, சக்கரம் ஹேண்டிலைப் பலமாகத் திருப்பி அடித்தால்தான் இப்படி ஆகும். ஃபிரேம் நேராக இருந்திருக்கவும் கூடும். ஆனால் அளந்து உறுதிப்படுத்தாத ஃபிரேமை நம்பி அந்த வேகத்தில் சாய்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சிபிஆர் இதற்கு நேர்மாறாக, பார்த்தவுடன் தயக்கம் தரும் நிலையில் இருந்தது. ஒரு ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்து வளையமாகத் தூசி படிந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். அதன்படி மேற்பரப்பு தேயாமலே டயர் மூப்படைந்திருந்தது. செயினில் சில கண்ணிகள் விறைத்து மடங்க மறுத்தன. ஆனால் ஸ்டாப்பர்கள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தன, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல அசைத்தபோது நடுவில் எங்கும் சிக்கவில்லை, தொடக்கம் முதல் சர்வீஸ் பதிவுகள் இருந்தன. எஞ்சின் உறையைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தபோது, எஞ்சின் ஓட்டத்தில் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிலையாக நின்றது. அது 13-க்கும் கீழே தங்கியிருந்தால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரையோ அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயரையோ சந்தேகித்திருப்பேன். ஓட்டிப் பார்க்கையில் இரண்டாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, கியர் நழுவுகிறதா என்றும் கவனித்தேன்.

வாங்கியவுடன் ஃபோர்க் சீல்கள், டயர்கள், செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றினேன். அதற்கான செலவை விலை பேசும்போதே கழித்துக் கேட்டிருந்ததால் கையைக் கடிக்கவில்லை. அந்த வேலைகள் முடிந்தபின் வண்டி திசை மாறும் விதமே வேறானது. மூத்த டயரைக் கழற்றுவதற்கு முன் எந்த வண்டியின் கையாளுதலைப் பற்றியும் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீண்டகாலப் பராமரிப்பில் ஆர்6-க்கு ஒரு நிறை உண்டு. அதன் வால்வ் இடைவெளியை (எஞ்சினின் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடம்) சுமார் 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சிபிஆருக்கு அது சுமார் 25,000 கிலோமீட்டர். டேங்க், ஏர்பாக்ஸ், ஃபேரிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய வேலை என்பதால் இந்தக் கிலோமீட்டர் வித்தியாசம் கூலியில் தெரியும். அதனால் எந்த வண்டியாயினும் இந்த வேலை கடைசியாக எப்போது நடந்தது என்று பதிவில் தேடிப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் நடக்கவில்லை என்றே கணக்கிடுங்கள்.

என்னுடையது 2009இல் விருப்பத் தேர்வாக அறிமுகமான ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி. அது எடையில் சுமார் 10 கிலோ கூட்டுகிறது, தடத்தில் ஓட்டுபவர்கள் அதை விரும்புவதில்லை. ஈரச்சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்க நேர்ந்தபோதெல்லாம் அந்தப் பத்துக் கிலோவுக்காக நான் வருந்தியதே இல்லை. ஒன்று மட்டும்: இந்த அமைப்பில் பிரேக் ஆயில் மாற்றி காற்றை வெளியேற்றுவது சாதாரண பைக்கைப் போல எளிதன்று, அதை அறிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் பாதி நாள் தடத்துக்குப் போகிறவர், சஸ்பென்ஷன் திருகுகளைத் தானே திருப்பத் தெரிந்தவர், எஞ்சினை உச்சத்தில் வைத்து ஓட்டும் இடம் வாய்த்தவர் என்றால், ஸ்டாப்பர் பழுதில்லாத ஓர் ஆர்6 கிடைக்கும்வரை காத்திருந்து அதையே வாங்கலாம். சாலையில் ஓட்டுபவருக்கு நான் சிபிஆரைத்தான் சொல்வேன்.