ஏழு வருடம், ஒரு ஜாஸ் பேஸ், சென்னை ஈரம்

2018-ல் வாங்கினேன். தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிடார்; ஜாஸ் பேஸ் உருவம், நான்கு கம்பி, சன்பர்ஸ்ட் நிறம். கம்பெனி பேர் வேண்டாம். 1960-ல் ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனி கொண்டுவந்த அந்த உருவத்தை இன்றைக்கு யார் யாரோ செய்கிறார்கள். நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் பளபளப்பைத்தான் எழுதியிருப்பேன். இப்போது அந்தப் பளபளப்பில் பாதி என் முழங்கை பட்டே போய்விட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வாசிக்கிறேன், இடையிடையே நண்பர்களோடு கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகள். என் தகுதி அவ்வளவுதான்.

ஏன் ஜாஸ் பேஸ் என்றால், என் கை சின்னது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டைக்கு நட் என்று பேர்; அந்த இடத்தில் இதன் கழுத்து ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். ஃபெண்டரின் இன்னொரு உருவமான ப்ரெசிஷன் பேஸில் அதே இடம் 41, 42 வரும். மூன்று நான்கு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கடைக்காரரிடமே கேட்டேன். "ரெண்டையும் பிடிச்சுப் பாருங்க சார்" என்றார். பிடித்தேன், முடிந்தது. கம்பியின் நீளம் இரண்டிலும் ஒன்றுதான், 34 அங்குலம். அதனால் வீணை மெட்டு மாதிரியான முதல் ஃப்ரெட்டில் விரலை அகட்டுகிற வலி இரண்டிலும் உண்டு. அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் செருகியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல். கம்பியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் மறுபடி வரும். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப் போச்சு, ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி சுரம் வாசிக்கும்போது மட்டும் அந்த உறுமல் கூடவே பாடியது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். வீட்டு ஒயரிங்கே எனக்குச் சுருதி போட்டுக்கொண்டிருந்தது, கொஞ்சம் ஷார்ப்பாக, அதாவது ஏறின சுருதியில். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்களுக்கு அது பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ப்ளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருந்தது. எர்த் ஒயர் உள்ளே சுருட்டிக் கிடந்தது, யாரும் இணைக்கவே இல்லை. இணைத்ததும் உறுமல் பாதியாகக் குறைந்தது. பேஸ் வாங்கியிராவிட்டால் அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. மீதிப் பாதிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் செம்புத் தகடு டேப் வாங்கிவந்து, பிக்கப் குழியிலும் கன்ட்ரோல் குழியிலும் ஒட்டி, அதையும் எர்த்தோடு சேர்த்தேன். அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பது ஒற்றைச் சுருள் கொண்ட இந்தச் சிங்கிள் காயில் பிக்கப்பின் பிறவிக்குணம். இரண்டு பிக்கப்பையும் முழு வால்யூமில் வைத்தால் ஒன்று இன்னொன்றின் உறுமலை அடித்துவிடும், சுத்தமாக இருக்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும், ஆள் திரும்பி வந்துவிடுவார். அதனால் ஏழு வருடமாக இரண்டு குமிழும் முழுசாகத்தான் இருக்கின்றன. டோன் குமிழ் ஒன்றோடுதான் என் விளையாட்டெல்லாம்.

ஆம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்னது. அறையில் எனக்குச் சரியாகக் கேட்காது. கீழ் வீட்டு அக்காவுக்குத் தெளிவாகக் கேட்கும். "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு என்ன மாவாட்டுறீங்க?" என்று படிக்கட்டில் கேட்டார். தாழ்ந்த ஒலியைத் தளம் தடுக்காது. அன்றிலிருந்து ஹெட்போன்தான். வாசித்ததைப் பதிவு செய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு "பேஸே வரலையே" என்று நொந்துகொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சும்மா அடிக்கும் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஃபோனுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. மேலே இருக்கும் 82, 123 போன்ற கிளை ஒலிகளை வைத்துக் காதுதான் அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. உங்கள் வாசிப்பில் குறை இல்லை. இருக்கலாம், ஆனால் அதை ஃபோனில் கண்டுபிடிக்க முடியாது.

கம்பிகள்தான் இந்த ஊரில் பெரிய செலவு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்து, மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் போட்டேன். பளிச்சென்ற சத்தம், மறுக்கவில்லை. ஆனால் என் வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்து மூன்று மாதத்தில் அதைச் செத்த கம்பியாக்கிவிடும். கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் உயிர் வரும் என்பது உண்மைதான், செய்து பார்த்தேன். அம்மாவின் பால் பாத்திரத்தில் செய்ததுதான் தப்பு. கம்பிக்கு வந்த உயிரும் இரண்டு வாரம்தான் நின்றது.

மூன்றாவது வருடம் ஃப்ளாட்வவுண்டுக்கு மாறினேன். மேல்பரப்பு வழவழவென்று பட்டையாக இருக்கும், அழுக்கு உட்கார இடுக்கு கிடையாது, விரல் வழுக்கும்போது கீச்சுச் சத்தமும் இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் ப்ரெசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். அவர் அளவுக்கு வாசிக்க வராது, கம்பி மாற்றாமல் இருப்பதிலாவது அவரைப் பின்பற்றலாமே! இன்றும் அதே செட்தான். கட்டைவிரலால் கம்பியை அடித்து ஸ்லாப் வாசிப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், டப் டப் என்று மந்தமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ளாட்வவுண்டின் இழுவிசை பொதுவாக அதிகம். மாட்டிய மறுநாள் கழுத்து முன்னால் வளைந்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி மலை ஏறி நின்றது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் திருப்பு இறுக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி பார்த்தேன். அவசரப்பட்டு ஒரே நாளில் முழுத் திருப்புத் திருப்பிய நண்பர் ஒருவரின் ராட் அறுந்தது, கழுத்தையே மாற்றினார். இப்போது ஐப்பசி மழையில் ஒரு தரம், ஏசி ஓட ஆரம்பிக்கும் சித்திரையில் ஒரு தரம், வருடத்துக்கு இரண்டு முறை ஆலன் கீ எடுக்கிறேன். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்ப்பேன். அதுதான் என் அளவுகோல்.

மற்றபடி, நாலு கிலோவுக்கு மேல் எடை. குறுகிய ஸ்ட்ராப்போடு மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தால் மறுநாள் ஆபீஸில் இடது தோள் தெரியும். அகலமான தோல் ஸ்ட்ராப் வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை, தலைப்பக்கம் கீழே சாய்வதும் குறைந்தது. கேபிள் செருகும் ஜாக் ஒருமுறை தளர்ந்து உள்ளே ஒயர் பிய்ந்தது. நானே சால்டர் வைத்தேன். எந்த மரம், எந்த மரத்தில் என்ன சத்தம் என்ற சண்டையில் எனக்கு இப்போது அக்கறை போய்விட்டது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் பெடல் ஒன்று வாங்கி எட்டு மாதத்தில் விற்றேன்.

நடுவில் ஒரு ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸுக்கு மனம் போனது உண்மை. நண்பருடையதை இரண்டு மாதம் இரவல் வாங்கினேன். ஆக்டிவ் என்றால் உள்ளேயே சத்தத்தைத் திருத்தும் சர்க்யூட்; அதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி. கேபிளைச் செருகி வைத்திருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மறந்து, சனிக்கிழமை ராத்திரி முழுக்கச் செருகியபடியே விட்டுவிட்டேன். மறுநாள் காணிக்கைப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்குப் பேஸ் தேய்ந்து, கரகரத்து, நின்றுபோனது. கொயரில் யாருமே கவனிக்கவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் பையன் மட்டும் திரும்பிப் பார்த்து, "அண்ணா, என்னாச்சு, கீழ ஒண்ணுமே இல்லையே" என்றான். மத்தியானமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பழசை எடுத்துவந்தேன்.