ரத்த அழுத்தமுள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால் படியுங்கள்: 1,860 ரிங்கிட் போய்விட்டது

மலேசியாவின் பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறு பட்டணத்தில், உடல் எடையையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் என்று சொல்லி மூலிகைக் காப்பி விற்கும் ஆரோக்கியப் பொருள் கடை ஒன்று, என் அம்மாவிடம் 1,860 ரிங்கிட்டைப் பறித்துக்கொண்டது. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி (பால் எடுத்து), இப்போது முழங்கால் வலியால் நடமாட்டம் குறைந்து எடை கூடிப்போனவர் அவர்.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். வெயிலில் வந்து மாடிப்படி ஏறியவரை உட்கார வைத்த கையோடு அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 172. பிறகு குளுகுளு அறையில் அரை மணி நேரம் அமர்த்தி, வாய் நிறைய “அம்மா, அம்மா” என்றழைத்து, ஒரு கோப்பைக் காப்பியைக் குடிக்க வைத்து மறுபடி பார்த்தபோது 148. “ஒரே கோப்பையில் இறங்கிவிட்டது, பார்த்தீர்களா அம்மா!” என்றாராம் விற்பனையாளர். படியேறி வந்தவுடன் யாருக்கும் அழுத்தம் கூடித்தான் இருக்கும், ஓய்ந்து உட்கார்ந்தால் தானாகவே இறங்கும். அதனால்தான் ஐந்து நிமிடமாவது அமர்ந்திருந்த பிறகு அளக்க வேண்டும் என்கிறார்கள். அந்த வித்தைக்குத்தான் 1,860 ரிங்கிட். அதைவிடக் கொடுமை, அரசாங்க மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயமுறுத்தி அதை நிறுத்தச் சொன்னது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தம்தான்.

சில வாரங்களில் படபடப்பு, தூக்கமின்மை. அரசாங்க கிளினிக்கில் பார்த்தால் 196க்கு 108. மருந்தாளர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மருந்துப் பொருளுக்கு அரசாங்கம் தரும் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் இல்லை, ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லை. இதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தகைய மெலிவுக் காப்பிகள் சிலவற்றில், இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற எடைக் குறைப்பு மருந்து பிடிபட்டிருக்கிறது. அது அழுத்தத்தைக் கூட்டும் மருந்து.

கடைக்குப் போனால், “நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அடுத்த முறை, முதலாளி ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு, பிரித்த பெட்டிக்குப் பணம் திரும்பாது என்றார்கள். வாட்சாப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன்: ‘பானம்’ என்ற ஒரே சொல், அதன் எதிரே 1,860 ரிங்கிட்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் கொதிக்கிறது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ரத்த அழுத்தத்தைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது; சொல்பவரிடமே அதைக் கேளுங்கள். எடையும் அழுத்தமும் குறைய உப்பு, சீனி, டின் பால் குறைய வேண்டும், காலையில் கொஞ்சம் நடக்க வேண்டும், பொட்டலம் வேண்டியதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுச் செய்யலாம், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஏமாந்தவர்கள் ரசீதையும் பொட்டலத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.