தவில் எங்கே போச்சு? யூலீன் லவுட்னஸ் மீட்டர் 2

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பதிவு செய்த மேளக் கச்சேரியை மிக்ஸ் பண்ணி மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மாமா முப்பது வருஷமாகத் தவில் வாசிப்பவர். ஒரே வரியில் பதில் வந்தது: “மாப்ளே, அன்னைக்குத் தவில்காரர் லீவா?”

தப்பு என்னுடையதுதான். தவில் டிராக்கின் பீக், அதாவது அலையின் உச்சி, -2 டிபி வரை போய் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) மீட்டர் சிவப்புக்கு எட்டிப் பார்த்தது. நாகஸ்வரம் சாதுவாக -9-ல் நின்றது. தவில்தான் சத்தம் என்று நினைத்து அதையும் -9-க்கு இறக்கிவிட்டேன். இரண்டும் சமம் என்று திருப்தி வேறு.

அதற்கப்புறம்தான் யூலீன் என்ற இந்த இலவச ப்ளக்-இன்னை (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகும் சின்னக் கருவி) இறக்கினேன். வழக்கமான மீட்டர் அலையின் உச்சியை மட்டும் பார்க்கும். கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும் அந்த ஒரு நொடித்துளிதான் அதற்குத் தெரியும். காது அப்படிக் கேட்பதில்லை. சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறது. நாகஸ்வரமோ மூச்சு விடாமல் நிற்கும் ஒலி. அதுவும் காதுக்குச் சுருக்கென்று தைக்கும் இடத்தில். லஃப்ஸ் என்ற அளவு இதையெல்லாம் ஓரளவு கணக்கில் எடுக்கிறது. 2006-இல் ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற தரத்திலிருந்து வந்தது அது.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரண்டு டிராக்கிலும் மீட்டரைப் போட்டு ‘ஷார்ட் டேர்ம்’ எண்ணைப் பார்த்தேன். மூன்று நொடிச் சராசரி அது. நாகஸ்வரம் -18. தவில், தனியாக வாசித்த இடத்தில்கூட, -26. பீக் சமமாக இருந்தும் எட்டு டிபி பள்ளம்! மாமா கேட்டதில் என்ன தப்பு? தவிலை ஐந்து ஏற்றி, நாகஸ்வரத்தை ஒன்று இறக்கினேன். மீதி இரண்டு டிபி வித்தியாசத்தை வேண்டுமென்றே விட்டேன். எண்கள் சமமானால் கச்சேரி சமமாகிவிடாது, ராகம் முன்னால் நிற்கத்தான் வேண்டும். (தவில் மைக்கிலும் பாதி நாகஸ்வரம்தான் கேட்கிறது. அது தனி அழுகை.)

பிடித்தது, ஓடிக்கொண்டே வரும் வரைபடம். ஆலாபனை எங்கே தணிகிறது, தனி எங்கே எகிறுகிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டரில் போட்டு ‘இன்டக்ரேட்டட்’ எண்ணையும், அதாவது முழுப் பாட்டின் சராசரியையும், பார்த்துக்கொள்கிறேன். ஸ்பாட்டிஃபை சாதாரணமாக -14 லஃப்ஸுக்குச் சமன்படுத்துகிறது. ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சி) -1-க்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. எனக்கு -16 வந்தது. உச்சிகளை வெட்டி அடக்கும் லிமிட்டரை அமுக்கி அந்த இரண்டை எட்டிப் பிடிப்பதைவிடத் தவிலின் அடி உயிரோடு இருப்பது முக்கியம் என்று அப்படியே விட்டேன்.

கவனிக்க வேண்டியவை உண்டு. இன்டக்ரேட்டட் எண் சரியாக வர வேண்டுமென்றால் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்ட வேண்டும். நடுவில் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடி) தொட்டால் ரீசெட் பண்ணிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய கணக்கும் கூடவே வரும். அடிமட்ட ஒலியை இந்த அளவுமுறையே கொஞ்சம் குறைத்துத்தான் எடைபோடும்; தொப்பியில் குச்சி விழும் ‘தொம்’ சரியா என்று காதுதான் சொல்ல வேண்டும். அதையும் விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவுச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டினால் எல்லா மிக்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

பணம் கட்டும் ப்ரோ பதிப்பும் இருக்கிறது. என் வேலைக்கு இலவசமே போதும். ஐந்துக்கு நாலரை.

இரண்டாவது மிக்ஸுக்கு மாமாவின் பதில்: “தவில் வந்துடுச்சு. ஜால்ராதான் காதைக் குடையுது.” ஜால்ரா டிராக்கைப் பார்த்தேன், மீட்டரில் வெறும் -31. இன்னும் மூன்று இறக்கி அனுப்பியிருக்கிறேன்.