லங்காஸ்டர் ரைஃபிளுக்கான பித்தளை கேஸ்டிங் செட்: கட்டையில் பொருத்திப் பார்த்த அனுபவம்

பென்சில்வேனியாவில் லங்காஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 1700-களில் இங்கே குடியேறிய ஜெர்மன், சுவிஸ் கைவினைஞர்கள் செய்த நீள ரைஃபிள் இந்த வட்டாரத்தின் பெருமை. குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் கெட்டிக்கிற வகை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் சக்கிமுக்கிக் கல் பூட்டு (கல் உரசித் தீப்பொறி கிளப்பி வெடிக்க வைக்கும் அமைப்பு) வைத்த துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைக் காலம் இன்றும் இங்கே உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் வருஷம் தவறாமல் போவார். அவர் கொடுத்த மேப்பிள் பலகையில்தான் என் முதல் கட்டையை, அதாவது துப்பாக்கியின் மர உடம்பைச் செதுக்கினேன். புலிவரி போல அலையலையாக ரேகை ஓடும் மரம்.

மரவேலை முடியும் தறுவாயில் பித்தளைச் சாமான்கள் வாங்கினேன். பின்பக்கத் தட்டு, டிரிக்கர் கார்டு (விசையைச் சுற்றி நிற்கும் காப்பு வளையம்), பக்கத் தகடு, கெட்டிக்கும் கோலுக்கான 3 குழாய் வளையங்கள், முனைக் கவசம், கட்டையின் பின்பகுதி அடியில் பதியும் அடித் தகடு, டெய்ஸிப் பூத் தலை வைத்த பேட்ச் பெட்டி (குண்டைச் சுற்றும் துணித் துண்டுகளை வைக்கக் கட்டையில் பதிக்கும் மூடி போட்ட பெட்டி) எல்லாம் சேர்ந்த செட். ஆர்டர் செய்து 9 நாளில் வந்தது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மனம் கொஞ்சம் சோர்ந்தது. எல்லாமே மண் கேஸ்டிங், மணல் அச்சில் உருக்கி ஊற்றி வார்த்தவை. மேலே மணல் சொரசொரப்பு, ஓரத்தில் ரன்னர் (உருகிய உலோகம் அச்சுக்குள் ஓடும் வழியில் உறைந்த தண்டு) வெட்டிய தழும்பு. மெருகேற்றி வரும் செட்டுகளும் விற்கிறார்கள், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் கோவையில் ஃபவுண்டரிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டது. அராவுவதற்கு உலோகம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். இது முக்கியம். பழைய அசலையே அச்சாக வைத்து வார்க்கும்போது பித்தளை ஆறும் நேரத்தில் 1.5 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 13 சென்டிமீட்டர் தட்டில் அது 2 மில்லிமீட்டர். மெல்லிய தட்டு வாங்கினால் அந்த இழப்பு மரத்தின் உருவத்தில் வந்து விழும்.

முதலில் பின்தட்டு. இதை வைத்துத்தான் துப்பாக்கியின் நீளமும் கன்னம் வைக்கிற மேல்கோடும் முடிவாகும், அதனால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தட்டின் உட்பக்கம் வளைவு வளைவாக இருக்கும், மரம் அதே வளைவுக்கு வர வேண்டும். தட்டின் உட்புறத்தில் கரியைப் பூசி, மரத்தில் வைத்து, மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டி எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அதைச் சுரண்டு, மறுபடி வை. பாலிடெக்னிக் ஃபிட்டிங் ஷாப்பில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலப் பசையைப் பூசி, V வடிவத் துண்டுகளின் பொருத்தம் பார்த்த அதே வேலைதான். இங்கே கடையில் விற்கிற மை கையில் ஒட்டினால் போகவே மாட்டேன் என்கிறது. நான் விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து விளக்கெண்ணெயில் குழைத்துக்கொண்டேன், வீட்டில் கண்மை செய்வார்களே அப்படி. மெல்லிசாகப் படிகிறது, சோப்புப் போட்டால் போய்விடுகிறது. பின்தட்டுக்கு மட்டும் 11 மணி நேரம் ஆனது. கடைசியில் மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையவில்லை. அன்று ராத்திரி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பித்தளைக்குப் புது அரம் வேண்டும். இரும்பில் தேய்ந்த அரம் வழுக்கிக்கொண்டு ஓடும். மரத்தைத் தகட்டைவிடக் கொஞ்சம் உயரமாக விட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து அராவினால் விளிம்பு ஒன்றாக வரும். ஓரங்களைக் கீழ்நோக்கி லேசாகச் சரித்து அராவிக்கொள்ளுங்கள். தகடு இறங்க இறங்க மரத்தை இறுக்கிப் பிடிக்கும்.

டிரிக்கர் கார்டில்தான் அடி வாங்கினேன். அதன் வளைவு என் கட்டைக்கு ஒத்துவரவில்லை. பழுக்கக் காய்ச்சி, சிவப்பாக இருக்கும்போதே வளைத்தேன், விரிசல் விட்டது. இது செட்டின் குறை இல்லை, என் தப்பு. பித்தளை சூட்டில் நொறுங்கும் உலோகம். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் முக்கி, முழுக்க ஆறிய பிறகு வளைக்க வேண்டும். எஃகு போல இது தண்ணீரில் இறுகாது, இளகித்தான் வரும். வெள்ளிப் பற்று வைத்து விரிசலை மூடினேன், கோடு இன்னும் தெரிகிறது.

விற்றவர்கள் மேல் எனக்குக் குறை இரண்டு. பேட்ச் பெட்டியின் கீல் கோணல், மூடி ஒரு பக்கம் தூக்கி நின்றது. படம் அனுப்பினேன், பதில் வர இரண்டு வாரம் ஆனது, அதிலும் "அராவிச் சரிசெய்யலாம்" என்று மட்டும். கீல் துளையே விலகியிருக்கும்போது எதை அராவுவது? அப்புறம், கூட வந்த ஸ்க்ரூக்கள் கூட்டல் குறித் தலை போட்டவை. 18-ஆம் நூற்றாண்டு துப்பாக்கியில் அதைப் பார்க்கவே கண் கூசுகிறது. ஒற்றைக் கோடு போட்ட தலை தனியாக வாங்கினேன்.

அடித் தகட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் நாமே வெட்டிக்கொள்ளலாம். வளையங்கள் மூன்றும் அருமை.

அரம் பிடித்துப் பழகியவர்களுக்குப் பின்தட்டையும் டிரிக்கர் கார்டையும் தாராளமாகச் சொல்வேன். முதன்முறை செய்பவர் என்றால் மெருகேற்றிய செட்டுக்கே போங்கள், கூடுதல் காசு வீணாகாது. யாராக இருந்தாலும் மரத்துக்கு நைட்ரிக் அமிலச் சாயம் பூசும் முன் பித்தளை அத்தனையையும் கழற்றி வைத்துவிடுங்கள், அமிலம் பட்டால் அரித்துவிடும். பேட்ச் பெட்டியை நான் திருப்பி அனுப்பியாயிற்று. கட்டையில் அந்த இடத்தை இன்னும் குடையவில்லை, மூடி நேராக உட்காரும் பெட்டி கிடைக்கட்டும்.