ஆஸ்கியா, ட்ராலி பக்கத்திலா? பிஜிக்களின் பேச்சை எங்கே மதிப்பிடுவது

அவசர மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு படிக்கும் பிஜிக்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று மதிப்பிட, நாகர்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் துறையில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டோம். ஒன்று, 1975-இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்னும் செய்முறைத் தேர்வு. தேர்வறையில் நிலையம் நிலையமாகப் போக வேண்டும். நோயாளியாக ஒருவர் நடிப்பார், மணி அடிக்கும், மதிப்பெண் விழும். இன்னொன்று, ஜான் நார்சினியின் மினி-சிஇஎக்ஸ் (mini-CEX). பிஜி நிஜ நோயாளியை அவர் படுத்திருக்கும் ட்ராலி பக்கத்திலேயே பார்ப்பதை ஆசிரியர் 15, 20 நிமிடம் நின்று கவனித்துவிட்டு, அங்கேயே கருத்துச் சொல்வது.

ஆஸ்கியில் நியாயம் அதிகம். எல்லோருக்கும் ஒரே கதை, ஒரே நேரம். அதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் மினி-சிஇஎக்ஸ் பக்கம்தான். பார்த்ததை உடனே சொல்ல முடிவதுதான் காரணம்.

ஒரு நாள் குளச்சல் பக்கமிருந்து நெஞ்சுவலியோடு ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். இசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. பிஜி அவர் மனைவியிடம், "மாசிவ் எம்ஐ, ரிஸ்க் இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, "மக்ளே, அவியளுக்குக் கொஞ்சம் கஞ்சி குடுக்கட்டா?" என்று கேட்டார். சொன்னது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பிஜியோ அடுத்த ட்ராலிக்கு நகர்ந்துவிட்டார். நானே உட்கார்ந்து அந்த அம்மாவிடம் விளக்கினேன். நோயாளியை இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத்லேபுக்கு அனுப்பிவிட்டு பிஜியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "நீங்க சொன்னதில் என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலேயே சொல்லச் சொல்லுங்க." அடுத்த வாரம் பக்கவாதத்தோடு வந்த ஒருவரின் மகனிடம் அந்த பிஜியே அப்படிக் கேட்டதைப் பார்த்தேன். ஆஸ்கியில் இதே தவறுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று தெரிவதற்குள் மாதம் ஓடியிருக்கும். போதாததற்கு, நோயாளியாக நடிப்பவர் பாடப்புத்தகத் தமிழ் பேசுவார், கஞ்சியைப் பற்றிக் கேட்கமாட்டார்.

மினி-சிஇஎக்ஸில் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு ஆசிரியர் தாராளமாகப் போடுவார், இன்னொருவர் கறாராக இருப்பார். ஒருமுறை பார்த்து முடிவு சொல்லவே கூடாது; வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு நோயாளிகள் என்று பலமுறை வேண்டும். கேஷுவாலிட்டி நிரம்பி வழியும் இரவில் நின்று கவனிக்க ஆள் கிடையாது. அதனால் இரவு டியூட்டியில் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. செவிலியர்களிடம் கருத்துக் கேட்கும் முறையை ஒரே ஒரு தடவைதான் முயன்றோம், அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

மரணச் செய்தி சொல்வதில் மட்டும் என் ஓட்டு ஆஸ்கிக்கு. பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னால் மதிப்பெண் தாளோடு நிற்க எனக்கு மனம் வராது. அந்த ஒரு நிலையத்தை மட்டும் தேர்வறையில் வைத்திருக்கிறோம். தாயாக நடிப்பது வேறு பிரிவைச் சேர்ந்த ஒரு அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சிலேயே கேட்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம்.